வளர்ச்சிக் காரணிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பூட்டுக்குச் சாவி மாதிரி, செல் சவ்வில் இருக்கும் ஏற்பிப் புரதத்துக்கு, செல்லைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணி என்று பிளஸ் டூ வகுப்பில் சொல்கிறேன். சரிதானே சார்?

பாதி சரி, டீச்சர். எந்தக் காரணிக்கு எந்த ஏற்பி என்பதைப் புரியவைக்க அது போதும். ஆனால் பொருந்திய பிறகு நடப்பதுதான் விஷயமே. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களிலிருந்து (பிளேட்லெட்) வரும் பி.டி.ஜி.எஃப் என்ற காரணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு புரதச் சங்கிலிகள் பிணைந்த இரட்டை. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்லின் சவ்வில் தனித்தனியாக மிதக்கும் இரண்டு ஏற்பிகளை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அருகருகே கொண்டுவந்துவிடும். அப்போது செல்லுக்குள் நீண்டிருக்கும் அவற்றின் வால்களும் நெருங்குகின்றன. ஒன்றின் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது மற்றது பாஸ்பேட் வைக்கிறது. இரண்டு பெண்கள் ஒருவர் நெற்றியில் மற்றவர் குங்குமம் வைப்பது போலத்தான். அந்தப் பொட்டைத் தேடி வந்து ஒட்டும் புரதங்கள் வழியாகவே 'பிரி, நகர்' என்ற செய்தி உட்கருவரை போகிறது. காரணி உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆய்வகத்தில் செல் வளர்க்க ஏன் சீரம்? பிளாஸ்மா போதாதா?

நல்ல கேள்வி தம்பி. சீரம் என்பது ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர், பிளாஸ்மா என்பது உறையாத ரத்தத்தின் நீர். பி.டி.ஜி.எஃப் பிடிபட்டதே இந்த வித்தியாசத்தால்தான். 1974இல் ரஸல் ராஸ் குழுவினர் குரங்கின் தமனித் தசைச் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். உறைந்த ரத்தத்தின் சீரத்தில் அவை பெருகின, தட்டணு நீக்கிய பிளாஸ்மாவில் அவ்வளவாகப் பெருகவில்லை. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் இந்தக் காரணியைக் கொட்டுவதுதான் வித்தியாசம். காயம்பட்ட இடத்தில் நடப்பதும் அதுவே.

இன்னொரு வளர்ச்சிக் காரணியான டி.ஜி.எஃப் பீட்டாவும் இதே வழியா?

இல்லை. அதன் இரண்டாம் வகை ஏற்பி எப்போதும் விழித்தே இருக்கும். காரணி வந்ததும் முதலாம் வகையை எழுப்பிவிடும். இங்கே பாஸ்பேட் ஏறுவது செரின், த்ரியோனின் என்ற அமினோ அமிலங்கள் மீது. செய்தியைச் சுமப்பது செல்லுக்குள் இருக்கும் ஸ்மாட் புரதங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரைப் புண். வளர்ச்சிக் காரணி ஜெல் பூசலாமா?

பி.டி.ஜி.எஃப் ஜெல் ஒன்றுக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெயர் பெகாப்லெர்மின். காலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால்தான் அதற்கு வேலை. புண்ணைச் சுத்தம் செய்வதும் பாதத்தில் பாரம் விழாமல் பார்ப்பதும் முதலில். அப்புறம்தான் ஜெல். மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள்.

செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால்?

வழக்கமாகச் செல் அந்த ஏற்பிகளை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்ற தோல் கட்டியில் இந்தக் கட்டுப்பாடு எடுபடுவதில்லை. 17, 22ஆம் குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், பி.டி.ஜி.எஃப் மரபணு ஓயாமல் வேலை செய்யும் கொலாஜன் மரபணுவின் கட்டுப்பாட்டுக்குள் போய்விடுகிறது. செல் தன் ஏற்பிக்கான காரணியைத் தானே சுரந்துகொள்கிறது! அறுவை சிகிச்சையால் அகற்ற முடியாதவர்களுக்கு இமாட்டினிப் என்ற மருந்து தருகிறார்கள். அது காரணியைத் தடுப்பதில்லை. பாஸ்பேட் தரும் ஏ.டி.பி மூலக்கூறு ஏற்பியில் உட்காரும் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏற்பிகள் ஜோடி சேர்ந்தாலும் வைக்கக் குங்குமம் இல்லை.