பென் டிரைவிலேயே பைதானும் சி-யும் ஓடுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு பி.சி.ஏ. மாணவி கேட்கிறார்: ஊட்டியில் கல்லூரி லேபில் எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது, வீட்டிலோ அண்ணனுடைய பழைய விண்டோஸ் லேப்டாப்தான். இரண்டு இடத்திலும் ஒரே பென் டிரைவை வைத்துச் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் லேப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில இடங்களில் யூஎஸ்பியிலிருந்து எந்த புரோகிராமும் ஓடாதபடி பூட்டியிருப்பார்கள், அப்படியென்றால் கீழே சொல்வது எதுவும் உதவாது, பூட்டை உடைக்கும் வழியையும் தேட வேண்டாம்.

புரோகிராம் எழுதும் எடிட்டருக்கு விஎஸ் கோடு. இன்ஸ்டாலரை விட்டுவிட்டு ஜிப்பை இறக்கி விரித்து, உள்ளே 'டேட்டா' என்று (ஆங்கில எழுத்தில்தான்) ஒரு காலி ஃபோல்டர் போடுங்கள், செட்டிங்ஸ், எக்ஸ்டென்ஷன் எல்லாம் அதிலேயே தங்கும். தானாக அப்டேட் ஆகாது. மொபைல் டேட்டாவில் காலம் தள்ளுபவர்களுக்கு அது நல்லதுதான். சி-க்கு டபிள்யூ64டெவ்கிட், ஜிசிசியும் (சி கம்பைலர்) ஜிடிபியும் (பிழை தேடும் டீபகர்) ஒரே ஃபோல்டரில் வந்துவிடும். பைதானுக்கு வின்பைதான், இதுவும் இன்ஸ்டால் இல்லாமலே ஓடும். பைதான் தளத்தில் 'எம்பெடபிள்' என்று ஒரு குட்டி ஜிப் இருக்கிறது, அளவைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அதில் கூடுதல் பேக்கேஜ்களை இறக்கும் பிப்பும் இல்லை, விண்டோ, பட்டன் போட உதவும் டிகின்டரும் இல்லை.

சரி, பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது டிரைவ் எழுத்தில். லேபில் 'இ' என்று வரும் டிரைவ் வீட்டில் 'எஃப்' ஆகிவிடும், நேற்று ஓடியது இன்று 'கிடைக்கவில்லை' என்று நிற்கும். அதனால் பாத்தை, அதாவது ஃபைல் இருக்கும் முகவரியை, எங்கேயும் டிரைவ் எழுத்தோடு முழுசாக எழுதாதீர்கள். டிரைவில் ஒரு பேட்ச் ஃபைல் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய .bat ஃபைல்) வைத்து, அதில் பர்சன்ட் குறி, டில்டே, டி, பி, சைபர் என்று சேர்த்து (%~dp0) எழுதினால் அந்த ஃபைல் இருக்கும் இடத்தையே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்; அதை வைத்து பாத்தை செட் செய்து, அங்கிருந்தே விஎஸ் கோடைத் திறங்கள். பிப்பையும் நேராகக் கூப்பிடாமல், பைதானுக்கு 'மைனஸ் எம்' கொடுத்து (python -m pip) ஓட்டுங்கள், பிப்பின் இஎக்ஸ்இ-க்குள் பழைய பாத் பதிந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு புராஜெக்டுக்கென்று தனியாகப் போடும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்கும் அதே சிக்கல், அதைச் சுமந்து திரியாமல் தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான ரிக்கொயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கரண்ட். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்தால் நம் மலையில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேப் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஃபைல்கள் கெட்டுப்போகும் அபாயம் அதிகம், அதில் ஜர்னல், அதாவது பாதியில் நின்ற மாற்றங்களைச் சரிசெய்ய உதவும் பதிவு, கிடையாது. விண்டோஸ் மட்டும்தான் என்றால் ஜர்னல் உள்ள என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யுங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. கருவிகள் போனால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், நீங்கள் எழுதிய கோடுக்கு அந்த வசதி கிடையாது, அதனால் அது தனி ஃபோல்டரில் இருக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் தேதி போட்டு அண்ணன் லேப்டாப்பில் காப்பி எடுத்துவிடுங்கள்.