ஹாரோ கவுன்சில் தேர்தல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2026 மே 7, வியாழக்கிழமை. ஹாரோ உட்பட லண்டனின் 32 பரோக்களிலும் (உள்ளாட்சிப் பகுதிகளிலும்) அன்று கவுன்சில் தேர்தல். கீழுள்ளவை ஹாரோ வாசகர்கள் கேட்டவை; கேள்விக்கு முன் இருப்பது அவர்கள் வசிக்கும் பகுதி. தேதிகள் இந்தத் தேர்தலுக்கு உரியவை.

சவுத் ஹாரோ: வேலை விசாவில் இருக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட். எனக்கு ஓட்டு உண்டா?

உண்டு. 18 வயதும் நடப்பில் உள்ள விசாவும் இருந்தால் காமன்வெல்த் குடிமக்கள் எல்லோரும் போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் அடங்கும். மாணவர் விசாவும் போதும். ஆனால் கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறீர்கள் என்பதற்காகப் பட்டியலில் பெயர் தானாக ஏறாது. அரசின் இணையதளத்தில் நீங்களே பதிய வேண்டும். கையில் தேசியக் காப்பீட்டு எண் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஏப்ரல் 20 இரவு 11.59 கடைசி. ஓட்டுரிமை இருப்பதே தெரியாமல் நம்மவர் பலர் ஒதுங்கியிருப்பதுதான் பெரிய வருத்தம். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

வீல்ட்ஸ்டோன்: பட்டியலில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் முழுதாக இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடுவார்களா?

எழுத்து வேறுபாடு, சுருக்கம் போன்ற சின்ன வித்தியாசத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. வேறு ஆள் பெயரோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு இருந்தால்தான் சிக்கல். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டையை இன்றே பாஸ்போர்ட்டோடு வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கவுன்சிலின் தேர்தல் பிரிவைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

2023 மே முதல் படமுள்ள அடையாள அட்டை கட்டாயம். காமன்வெல்த் பாஸ்போர்ட், பிரிட்டன் டிரைவிங் லைசென்ஸ், முதியோர் பஸ் பாஸ் எல்லாம் செல்லும். காலாவதியானதும் செல்லும், முகம் அடையாளம் தெரிந்தால் போதும். போனில் காட்டும் ஈ-விசாவும், பாஸ்போர்ட்டைப் பிடித்த படமும் செல்லாது. அட்டை எதுவுமே இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றுக்கு ஏப்ரல் 28 மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ரெய்னர்ஸ் லேன்: எத்தனை பேருக்குப் போட வேணும்? போன முறை குழம்பிப் போனன்.

ஹாரோவில் 22 வார்டு, 55 இடம். வார்டுக்கு இரண்டு அல்லது மூன்று பேர். எத்தனை பேர் வரை என்று சீட்டின் தலைப்பிலேயே இருக்கும். மூன்று இடமென்றால் மூன்று பெருக்கல் குறி வரை போடலாம், ஒன்றோடும் நிறுத்தலாம். நான்கு போட்டால் சீட்டு முழுவதும் செல்லாது. ஒருவருக்கே மூன்றையும் குவித்தாலும் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள்.

பலர் தவறுவது வேறிடத்தில். வேட்பாளர்களைக் கட்சிவாரியாக அடுக்க மாட்டார்கள், குடும்பப் பெயரின் அகரவரிசையில் அடுக்குவார்கள். ஒரே கட்சியின் மூவரும் மேலும் நடுவும் கீழுமாகச் சிதறிக் கிடப்பார்கள். மேலே இருப்பவரைக் கண்டதும் குறி போட்டுவிட்டு வந்துவிட்டால் கீழே இருப்பவருக்கு இழப்பு. கடைசிப் பெயர் வரை படியுங்கள். தவறாகப் போட்டுவிட்டால் பெட்டியில் போடாமல் அலுவலரிடம் கொடுங்கள், புதுச் சீட்டு தருவார்.

பின்னர் (Pinner): தபால் ஓட்டு எதனால் தள்ளுபடியாகிறது?

பல நேரம் பிறந்த தேதியால். அந்தக் கட்டத்தில் பலர் அன்றைய தேதியை எழுதிவிடுகிறார்கள். பிறந்த தேதியும் கையெழுத்தும் விண்ணப்பத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும். ஓட்டுச் சீட்டை ஏ உறையில் போட்டு ஒட்டுங்கள். ஏ உறையையும் கையெழுத்திட்ட படிவத்தையும் பி உறையில் வையுங்கள். ஒரே வீட்டில் நாலு பேர் சேர்ந்து நிரப்பும்போது படிவங்கள் மாறிப்போவதும் சகஜம். ஒவ்வொருவராக முடியுங்கள்.

மே 7 இரவு 10 மணிக்குள் உறை போய்ச் சேர வேண்டும். தபாலுக்கு நேரமில்லையென்றால் உங்கள் வார்டு வாக்குச்சாவடியில் நேரில் கொடுத்து, அங்கே தரும் படிவத்தை நிரப்புங்கள். உங்களுடையதோடு இன்னும் ஐந்து பேருடையதை மட்டும் கொடுக்கலாம். கவுன்சில் அலுவலகக் கதவுத் துளையில் போட்டால் எண்ண மாட்டார்கள். வாசலுக்கு வரும் கட்சிக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் உறையை அவரிடம் கொடுக்காதீர்கள். அவர் வாங்குவதே குற்றமாகலாம்.

தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்க ஏப்ரல் 21 மாலை 5 மணி வரை.

கென்டன்: அம்மாவுக்கு கண் பார்வை குறைவு. நான் கூடப் போகலாமா?

போகலாம். உங்களுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஏற்கெனவே இரண்டு பேருக்கு உதவியிருக்கக் கூடாது. ஒரு சிறிய உறுதிமொழிப் படிவம் உண்டு. யாருக்கு என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும். அவரது அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

ஹாரோ வீல்ட்: சுயேச்சையாக நிற்க என்ன தேவை?

டெபாசிட் இல்லை. வார்டு வாக்காளர் இருவர் முன்மொழிந்து வழிமொழிந்தால் போதும். அவர்களது வாக்காளர் எண்ணை நடப்புப் பட்டியலிலிருந்து எடுங்கள். பழைய பட்டியலால் மனு விழுவதுண்டு. மனுவை ஏப்ரல் 9 மாலை 4 மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும். 4.01 என்றாலும் ஏற்க மாட்டார்கள், ஆகவே இரண்டு நாள் முன்பே கொண்டுபோய்ச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டுப் போடும் தகுதி வேறு, நிற்கும் தகுதி வேறு. காலவரம்புள்ள விசாவில் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வேண்டும். ஹாரோ கவுன்சில் ஊழியரும் நிற்க முடியாது. துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். தோற்றாலும் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும், முடிவு வந்த 35 நாளுக்குள்.

சவுத் ஹாரோ: வேலை முடிந்து வர இரவு 9.50 ஆகும்.

10 மணிக்கு வரிசையில் நின்றால் போதும், சீட்டு தருவார்கள்.