பழைய வீட்டின் பின்கட்டு மண்: புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. வெளிநாட்டில் உங்கள் முதல் குளிர்காலம் முடியப்போகிறது. வாடகைக்கு எடுத்த பழைய வீட்டின் பின்னால் கொஞ்சம் நிலம் கிடக்கிறது. அதில் சாலட் இலை, கீரை, தக்காளி, அவரை எல்லாம் போட ஆசை. அம்மா விதை அனுப்புகிறேன் என்கிறார். கூடவே கேக், புட்டிங் எல்லாம் வீட்டிலேயே செய்து பழகவேண்டும், அதற்கு எந்த ஓவன் நல்லது என்றும் கேட்கிறீர்கள். எந்த நாடு என்று சொல்லவில்லை. குளிரில் நிலம் கல்லாக உறைந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும். நானும் அப்படியொரு இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

ஓவன் விஷயத்தைக் கடைசியில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது 'பழைய வீடு' என்பதுதான்.

பழைய வீடுகளின் சுவருக்கும் சன்னலுக்கும் ஒரு காலத்தில் காரீயம் கலந்த பெயின்ட் அடித்தார்கள். அமெரிக்காவில் வீடுகளுக்கு அதை 1978-ல்தான் தடை செய்தார்கள். அந்தப் பெயின்ட் உரிந்து, பொடியாகி, சுவரோரமாக மண்ணில் விழுந்து கிடக்கும். பெரிய சாலைக்குப் பக்கத்து வீடு என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: பல பத்தாண்டுகளாகக் கார்கள் காரீயம் கலந்த பெட்ரோலில் ஓடின. உலகத்தின் கடைசி நாடு அதை விற்பதை நிறுத்தியதே 2021-ல்தான். காரீயம் மக்கிப் போகாது, மழை அதை ஆழத்துக்குக் கொண்டுபோவதும் இல்லை. மேல்மண்ணிலேயே தங்கிவிடும், நாம் விரல் விட்டுக் கிளறும் அதே மண்ணில். சின்னக் குழந்தைகளின் உடம்பு அதைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் நான் சொல்வதை இரண்டு தடவை படியுங்கள்.

நான் வந்த புதிதில் இதை எனக்குச் சொன்னவர் வேலையிடத்தில் கூட இருந்த ஒரு பெயின்டர். நம் ஆட்கள் யாரும் சொல்லவில்லை. "மண்ணில் என்ன இருக்கப்போகிறது, கொத்திவிட்டுப் போடு" என்பதுதான் அவர்களிடம் கிடைத்த யோசனை. அந்தப் பெயின்டர் சொன்னபடி மண்ணைப் பல இடத்தில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சுவரோரத்து மண் மோசம், நிலத்தின் நடுப்பகுதி பரவாயில்லை என்று வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் போனேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பார் என்றார். புதிதாக வந்தவன், எதிர்த்துப் பேச மாட்டான் என்று தெரிந்து சொன்ன பதில் அது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. அதனால்தான் இதில் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஆகவே, விதை வாங்குவதற்கு முன் மண்ணைப் பரிசோதியுங்கள். விவசாயத் துறையோ பல்கலைக்கழகமோ தனியார் ஆய்வகமோ, ஏதாவது ஒன்று உங்கள் பக்கத்திலும் இருக்கும். சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, வேலியோரம் ஒன்று என்று தனித்தனிப் பையில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் கெட்ட இடம் மறைந்துபோகும். முடிவு பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று வரும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வீட்டு மண்ணில் இதற்கு மேல் இருந்தால் கவனிக்கவேண்டும் என்று வைத்திருந்த அளவை 2024-ல் 400-லிருந்து 200 ஆகக் குறைத்தது. எண் அதற்குக் கிட்டத்தில் இருந்தாலே அந்த மண்ணில் நேராகக் கீரையும் கேரட்டும் போடாதீர்கள். தக்காளி, பீன்ஸ் போன்ற காய்களுக்குள் காரீயம் அவ்வளவாக ஏறுவதில்லை. ஆபத்து கிழங்கிலும் இலையிலும்தான், அதிலும் இலையில் ஒட்டிய தூசியில். பச்சையாகத் தின்கிற சாலட் இலையைத்தான் முதலில் போட ஆசைப்படுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

மண் சரியில்லை என்றால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. சுவரை விட்டுத் தள்ளி, மரச்சட்டம் அடித்து, அடியில் துணி விரித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொட்டி உயரமான பாத்தி போடுங்கள். ஆனால் சட்டத்துக்கு யாரோ தூக்கிப் போட்ட பழைய மரத்தை எடுக்காதீர்கள். ரயில் தண்டவாளக் கட்டையில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும். வெளியில் போட்டாலும் மக்காமல் இருக்கவேண்டும் என்று மருந்தேற்றிய பழைய பலகைகளில் ஆர்சனிக் இருக்கும்; அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அந்த மரத்தை 2003 முடிவில்தான் நிறுத்தினார்கள். பழசு மலிவு என்று நம் ஆட்கள் அதைத்தான் தேடிப் பிடிப்பார்கள்.

கொட்டுகிற மண்ணிலும் எருவிலும்கூட ஒரு சங்கதி இருக்கிறது. புல்வெளிக் களைக்கு அடிக்கும் அமினோபைரலிட் போன்ற மருந்துகள், புல்லைத் தின்ற மாட்டின் சாணத்திலும் அழியாமல் வந்து, கம்போஸ்ட்டிலும் தங்கிவிடும். தக்காளிக் குருத்து பெரணி இலைபோலச் சுருண்டு வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்கள் நிறையக் கெட்டுப்போய் 2008-ல் அந்த மருந்தின் விற்பனையைச் சில காலம் நிறுத்தியே வைத்தார்கள். எரு வாங்கினால் ஒரு தொட்டியில் போட்டு நாலைந்து பீன்ஸ் விதை ஊன்றிப் பாருங்கள். மூன்று வாரத்தில் இலை நேராக விரிந்தால் எரு நல்லது. பச்சைச் சாணத்தை மட்டும் சாலட் பாத்தியில் போடவே கூடாது. மண்ணைத் தொடும் இலை, கிழங்கு என்றால் பச்சை எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் அறுவடை என்பது அமெரிக்க இயற்கை விவசாய விதி. வீட்டுக்கும் அதுவே சரி.

அப்புறம் அம்மா அனுப்பும் விதை. தம்பி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் காரணம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசம்பரிலிருந்து வெளியிலிருந்து வரும் விதைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் பெட்டியில் விதை இருப்பதைச் சொல்லாமல் மறைத்தால் அபராதம். துணிமணிக்கு நடுவில் மடித்து வைத்துக் கொண்டுவந்துவிட்டு, அதைத் திறமையாகப் பேசிக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு விதையோடு வரும் வைரஸ் இங்கே ஒரு விவசாயியின் முழு வயலையும் அழிக்கும். நமக்கு இடம் கொடுத்த மண்ணுக்கு அதைச் செய்யலாமா?

இரண்டாவது காரணம் பகல். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுக்கப் பகல் பன்னிரண்டு மணிநேரத்தை ஒட்டியே இருக்கும். 50 டிகிரி அட்சரேகையில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணிநேரத்துக்கு மேல். வெப்ப நாட்டு அவரை வகைகளில் நிறைய, பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே அவை கோடை முழுக்கக் கொடியோடி, வேலியேறி, கூரையைத் தொடும். ஒரு பூ இருக்காது. பகல் சுருங்கி மொட்டு வைக்கும்போது உறைபனி வந்துவிடும். இதையே 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு புகையிலை ரகத்தில் கண்டு எழுதினார்கள். வயலில் கோடை முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காத செடி, குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் பூத்தது. வெங்காயத்துக்கும் இதே கணக்கு, ஆனால் தலைகீழாக: நீண்ட பகல் கிடைத்தால்தான் வட நாட்டு ரகங்கள் குமிழ் கட்டும். இங்கே வந்து பல காலம் ஆனவர்களும் "இந்த மண்ணில் ஒன்றும் வராது" என்று குறைப்பட்டு, நிலத்துக்கு சிமென்ட் பூசிவிட்டார்கள். மண்ணில் குறையில்லை. இந்தப் பகலுக்கு ஏற்ற விதையை அவர்கள் தேடவில்லை. தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் பகல் நீளம் பெரிய விஷயம் இல்லை, சூடுதான் வேண்டும்.

சூடு என்றதும், மார்ச்சில் நாலு நாள் வெயிலடித்தால் ஏமாந்துவிடாதீர்கள். உங்கள் பகுதிக்குக் 'கடைசி உறைபனி நாள்' என்று ஒரு தேதி சொல்வார்கள். அது சராசரி, அதற்குப் பிறகும் பனி வரும். தக்காளி விதையை அந்தத் தேதிக்கு ஆறேழு வாரம் முன்பு வீட்டுக்குள் போடுங்கள். ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போவது நின்ற பிறகு வெளியே நடுங்கள். நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் நாற்றை முதலில் நிழலில் ஒரு மணிநேரம், பிறகு வெயிலில் கொஞ்சம் என்று வெளிக்காற்றுக்குப் பழக்கவேண்டும். சன்னலோரத்தில் வளர்ந்த நாற்று நேராக வெயிலுக்குப் போனால் ஒரே நாளில் இலை வெளுத்துவிடும். இப்போதெல்லாம் எனக்கு ஏப்ரல் வந்தால் பகல் வெப்பநிலையைப் பார்க்கவே தோன்றுவதில்லை, ராத்திரி எண்ணைத்தான் கண் தேடும். இந்த நாட்டுக்குப் பழகியதில் எனக்குப் பெருமையான விஷயம் அது.

சாலட் சுலபம். லெட்டூஸ் என்ற சாலட் இலை குளிரைத் தாங்கும், தக்காளிக்கு முன்பே போடலாம். விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள், முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். முப்பது டிகிரியில் அது முளைக்காமல் தூங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சாண் வரிசை போட்டு, வெளி இலையாகக் கிள்ளிக்கொண்டே வந்தால் வேறு எங்கும் வாங்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: யாராவது தன் தோட்டத்துச் சுக்கினி (வெள்ளரிபோல நீளமான பூசணி வகை) விதையை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்து அலங்காரப் பூசணியோடு மகரந்தம் கலந்திருந்தால் அதில் வரும் காய் கடுமையாகக் கசக்கும். அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது. 2015-ல் ஜெர்மனியில் கசந்த சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள், வீணாகிறதே என்று பார்க்காதீர்கள்.

இனிப்புக்கு வருகிறேன். ஓவன் எதுவானாலும் பரவாயில்லை, முதலில் ஒரு தராசு வாங்குங்கள். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி, வேறு பல நாடுகளில் 250. ஆஸ்திரேலியாவின் மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் 15. குறிப்பு எந்த நாட்டுடையது என்று தெரியாமல் கப்பால் அளந்தால் கேக் வராது. புட்டிங்கை உறையவைக்கும் ஜெலட்டினில் பச்சை அன்னாசியும் கிவியும் போட்டால் உறையாது, சூடாக்கிப் போடுங்கள். மற்றதெல்லாம் செய்யச் செய்ய வரும்.

உங்கள் நிலத்தில் இனிப்புக்கென்றே ஒரு செடி வைக்கலாம் என்றால் ரூபார்ப் வையுங்கள், புளிப்பான தடித்த தண்டுக்காக வளர்க்கும் செடி அது. உறைபனியை அது விரும்பும், குளிர் இல்லாத இடத்தில்தான் அதற்குக் கஷ்டம். நான் குடிமாறிப் போன அடுத்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா இருந்தார். எனக்கு அவர் மொழி பாதிதான் புரியும். ஒரு இலையுதிர் காலத்தில் தன் ரூபார்ப்பை மண்வெட்டியால் பிளந்து, ஒரு துண்டை வேலிக்கு மேலாகக் கொடுத்தார். இலையைக் காட்டி, தொண்டையைப் பிடித்து, தலையை ஆட்டினார். தண்டைக் காட்டிச் சிரித்தார். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், முதல் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாட்டின்போது பிரிட்டனில் அந்த இலையைக் கீரையாகச் சமைக்கச் சொல்லி, ஆட்கள் விஷமேறினார்கள் என்று. இலையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். கீரை மாதிரி அகலமாக, பச்சையாக இருக்கும், நம் கை தானாகப் பறிக்கப் போகும். அதனால் உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். தண்டு மட்டும் சர்க்கரையோடு வெந்தால் அவ்வளவு ருசி. மேலே மாவும் வெண்ணெயும் உதிர்த்துச் சுட்டு அந்த அம்மா ஒரு கிண்ணம் கொடுத்தார். இந்த நாட்டில் எனக்கு யாரும் கொடுத்த முதல் இனிப்பு அதுதான். நம் ஆட்களில் பாதிப் பேர் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் காலம் தள்ளுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

ரூபார்ப்பை நட்ட முதல் வருஷம் ஒரு தண்டுகூடப் பறிக்காதீர்கள், இரண்டாம் வருஷம் கொஞ்சம், மூன்றாம் வருஷம் வேண்டிய மட்டும். அதற்குள் வீடு மாறினால் கிழங்கைத் தோண்டிக் கூடவே கொண்டுபோகலாம், நான் அப்படித்தான் செய்தேன். இப்போதைக்கு மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வந்ததும் எந்த இடத்தில் என்ன எண் என்று எழுதினால், எங்கே பாத்தி போடலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.