மொடலர் கேள்விகள்: கிற்றார்க்காரருக்குப் பதில்

கிற்றார் அம்பின்ர (அம்பிளிஃபையரின்ர) சத்தத்தை டிஜிட்டலாச் செய்து தாற பெட்டிதான் மொடலர். எதை வாங்கிறது எண்டு கேட்டவைக்கு என்ர பதில்கள் இவை.

கேள்வி (கொக்குவில்): அண்ணை, முதல் மொடலர். பொஸ் ஜீடி-1 போதுமோ, காசு சேர்த்து லைன் 6 எச்எக்ஸ் ஸ்டொம்ப் எடுக்கிறதோ?

பதில்: தம்பி, சத்தம் கடைசியில எதுக்குள்ளால வெளியில வரப்போகுது எண்டதை முதல் யோசியும். திருவிழா மேடையில இசைக்குழுவோட வாசிக்கிறதெண்டால் சவுண்ட்காரரின்ர மிக்ஸருக்குள்ள நேரடியாப் போகும். அங்க தேவை ஒரு நல்ல கிளீன் (கரகரப்பில்லாத சத்தம்), கோரஸ், டிலே எண்ட எஃபெக்டுகள், சோலோவுக்குக் கரகரக்கிற ஓவர்டிரைவ். 2016இல வந்த ஜீடி-1 அதுக்குத் தாராளம். ஏஏ பற்றரி 4 போட்டாலும் ஓடும். கரண்டை நம்பேலாத மேடையில அது சின்ன விசயமில்லை. ஸ்டொம்பில அம்புகள் இன்னும் உயிரோட இருக்கும், வெளியில எடுத்த ஸ்பீக்கர் ஐஆர் கோப்புகளையும் (ஒரு ஸ்பீக்கரின்ர சத்தக் குணத்தைப் பதிஞ்ச கோப்புகள்) போடலாம். ரெக்கோர்டிங் எண்ணம் இருந்தால் பொறுத்து அதை எடும். மேடைக்கு மட்டும் அவ்வளவு காசு போடுறதை நான் ஏற்கமாட்டன்.

கேள்வி (குருநகர்): ஹெட்ஃபோனில அருமை. சேர்ச்சில இருக்கிற கிற்றார் அம்பில குத்தினால் போர்வையால மூடின மாதிரிக் கேக்குது. மொடலர் பழுதோ?

பதில்: பழுதில்லை. கிற்றார் ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல பெரிசாச் சத்தம் தராது. ஹெட்ஃபோனுக்கும் மிக்ஸருக்கும் அந்தக் குணம் இல்லாதபடியால், மொடலர் ‘கப் சிம்’ (ஸ்பீக்கர் பெட்டியின்ர போலி) எண்டு அதைச் சேர்க்குது. நீங்கள் உண்மையான கிற்றார் ஸ்பீக்கருக்குக் குடுக்கேக்க அந்த வடிகட்டல் ரெண்டு தரம் நடக்குது. கப் சிம்மை நிப்பாட்டுங்கோ. அம்பில ‘ரிட்டர்ன்’ துளை இருந்தால் அதில குத்துங்கோ, அம்பின்ர பிரீஅம்பும் (சத்தத்தை முதல்ல வடிவமைக்கிற பகுதி) குறுக்க வராது. பிறகு மிக்ஸருக்குப் போகேக்க கப் சிம்மைத் திரும்பப் போட மறந்தால் டிஸ்டோர்ஷன் காதைக் கிழிக்கும். ரெண்டுக்கும் வேற வேற பிரீசெட் (சேமிச்சு வைக்கிற செற்றிங்) வைச்சிருங்கோ.

கேள்வி (சாவகச்சேரி): யமஹா கீபோர்ட் அடப்ரரை ஜீடி-1க்குக் குடுக்கலாமோ?

பதில்: குடுக்கவே குடுக்காதையும்! வழமையான யமஹா அடப்ரர் 12 வோல்ட், நடுமுனை பொசிற்றிவ். பொஸ்ஸுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகற்றிவ்.

கேள்வி (பருத்தித்துறை): மகன் ஓ/எல் எழுதிப்போட்டு கெம்பர் எண்ட விலை கூடின மொடலர் வேணுமெண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். விலையைக் கேட்டுத் தலை சுத்துது.

பதில்: அம்மா, வீட்டில லப்டொப் இருக்கோ? கெம்பரின்ர வேலை, ஒரு உண்மையான அம்பை ஒரு செற்றிங்கில அப்பிடியே படம்பிடிக்கிறது. அதுக்கு நிகரான வேலையை நியூரல் அம்ப் மொடலர் எண்ட மென்பொருள் இலவசமாவே செய்யுது; ஆக்கள் பிடிச்ச அம்புகளும் இணையத்தில சும்மா கிடைக்குது. கிற்றாரை லப்டொப்போட இணைக்கிற ஒரு சின்ன ஓடியோ இன்டர்ஃபேஸ் மட்டும் வாங்கிக் குடுங்கோ. மேடைக்குப் போற காலத்தில பெட்டியைப் பற்றிக் கதைக்கலாம்.

கேள்வி (நல்லூர்): வீட்டில செய்த பிரீசெட் மேடையில கீபோர்ட்டுக்குள்ள காணாமல் போகுது.

பதில்: மெல்லிய சத்தத்தில காதுக்கு பேஸும் கீச்சும் குறைவாத்தான் விழும். அதால ரெண்டையும் கூட்டி, நடு அலைவரிசையான மிட்டைக் குறைச்சிருப்பீர். மேடையில சத்தம் ஏற அந்த ரெண்டும் பெருக்கும், கிற்றார் நிக்கவேண்டிய நடுவில ஒண்டும் இராது. 100 ஹேர்ட்ஸுக்குக் கீழயும் 7,000க்கு மேலயும் வெட்டும். மிட்டை ஏத்தும், கெயினையும் (டிஸ்டோர்ஷன் அளவு) ரிவேர்பையும் (எதிரொலி) பாதியாக்கும். தனியக் கேக்க வடிவா இராது, இசைக்குழுவோட கேட்டுப் பாரும். சோலோவுக்கு 3 டெசிபெல் கூட வைச்சு, சவுண்ட் செக்கில அதை முதல் வாசிச்சுக் காட்டும். இல்லாட்டி சோலோ தொடங்கினவுடன சவுண்ட்காரர் மிக்ஸரில உம்மட சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைக் கீழ இழுத்துப்போடுவார்.