மேட்டில் மட்டும் சத்தம் போடும் பிக்கப்: இன்ஜினையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் டென்வரில் இருக்கிறேன். போன வருடம் ஒருவரிடம் 1999 மாடல் பிக்கப் வாங்கினேன், வி8 பெட்ரோல் இன்ஜின். டிரெய்லர் மாட்டி மலைப்பக்கம் ஏறினால் தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவது மாதிரி சத்தம். ஜூலையில் டெக்சஸ் போனபோது சமதளத்திலேயே கேட்டது. மெக்கானிக் ஐந்து நிமிடம் காது கொடுத்துவிட்டு, "ராட் பேரிங் போச்சு, வேறு இன்ஜின் போடணும், 6,000 டாலர்" என்கிறார். நண்பர் ஆக்டேன் பூஸ்டர் ஊற்றச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க்கில் சுழலும் இடத்துத் தாங்கி) போன இன்ஜின் மேட்டில், லோடில் மட்டும் சத்தம் போடாது. நியூட்ரலில் நிறுத்தி லேசாக ரேஸ் செய்தாலே அடியில் இருந்து சுத்தியலால் தட்டுவது போல 'டொக் டொக்' என்று கனமாகக் கேட்கும். உங்களுடையது, இன்ஜின் சூடான பிறகு, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் அடங்கிவிடுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் அது ஸ்பார்க் நாக். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். (குளிரில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் மறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது வேறு கதை.)

என்ன பெட்ரோல் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்துப் பெட்ரோல் பங்குகளில் ரெகுலர் என்று விற்பது 85 ஆக்டேன் (பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் எண்), உங்கள் வண்டியின் கையேட்டில் குறைந்தது 87 என்றுதான் இருக்கும். டென்வர் ஒரு மைல் உயரம், காற்று மெலிசு, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அதனால் பழைய இன்ஜின்கள் 85-ஐ எப்படியோ தாங்கிக்கொள்ளும். ஆனால் அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு, டிரெய்லரோடு, ஜூலை வெயிலில் டெக்சஸுக்கு இறங்கினால் சமதளத்தில் சத்தம் வராமல் என்ன செய்யும்? இன்னொன்று, அங்கே பங்கில் போட்டிருப்பது இரண்டு விதமாக அளந்த எண்களின் சராசரி, நம் ஊர் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஆகவே முதல் சோதனை: டேங்க் காலியாகும்வரை ஓட்டிவிட்டு 91 பிரீமியம் நிரப்பி, அதே டிரெய்லரோடு அதே மேட்டில் ஏறிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால், அல்லது பாதியாகக் குறைந்தால், ராட் பேரிங் இல்லை. பேரிங்குக்கு ஆக்டேன் தெரியாது. பூஸ்டர் பாட்டிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். '5 பாயின்ட் கூடும்' என்று லேபிளில் இருந்தால், அந்தத் தொழிலில் ஒரு பாயின்ட் என்பது பெரும்பாலும் 0.1, அதாவது 87 என்பது 87.5 ஆகும், 92 ஆகாது. அந்தக் காசுக்கு பிரீமியமே போடலாம்.

அப்புறம் 87-க்குத் திரும்புங்கள். 87-லும் சத்தம் வந்தால் எங்கேயோ கோளாறு இருக்கிறது, பிரீமியம் போட்டு அதை மூடி மறைத்து ஓட்டினால் ஒருநாள் பிஸ்டனோ ஹெட் கேஸ்கட்டோ கணக்குத் தீர்த்துவிடும். 1996-க்குப் பிறகு வந்த வண்டி என்பதால் 20, 30 டாலர் ஓபிடி ரீடரே (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் கருவி) போதும். கூலன்ட் சூடு எவ்வளவு ஏறுகிறது, ஃபியூவல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) என்ன என்று பாருங்கள். டிரிம் பிளஸ் பத்துக்கு மேலே நின்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. ஐடிலில் மட்டும் அப்படி என்றால் வேக்குவம் லீக் (எங்கேயோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது), இழுவையில் என்றால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். ஈ.ஜி.ஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விட்டு எரியும் சூட்டைக் குறைப்பது) இருந்தால் கரி பிடித்து அடைத்திருக்கலாம். செக் இன்ஜின் லைட் எரியவில்லை என்று சமாதானம் ஆக வேண்டாம், அந்தக் காலத்துப் பல பிக்கப்களில் நாக் சென்சாரே கிடையாது. பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள், பீங்கான் வெள்ளையாக வெந்து மிளகுப்பொடி தூவியது போல் புள்ளிகள் இருந்தால் நாக் உறுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அடுத்த பாராவைக் கவனமாகப் படியுங்கள்.

வண்டி எந்த கம்பெனி என்றும் நீங்கள் சொல்லவில்லை. 5.2 அல்லது 5.9 லிட்டர் மேக்னம் வி8 உள்ள டாட்ஜ் ராம் என்றால், நான் நேராக இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) அடியைத்தான் சந்தேகிப்பேன். மேலே அலுமினியம், அடியில் இரும்புத் தகடு, இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரியாததால் நடுவில் இருக்கும் கேஸ்கட் பிய்ந்து, இன்ஜின் ஆயில் காற்றோடு சேர்ந்து உள்ளே போகும். ஆயில் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கும், கரியும் படியும், சத்தம் வரும். இன்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, த்ராட்டிலைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் ஆயில் தேங்கியிருந்தால் ஆள் பிடிபட்டான். அலுமினியத் தகடு தனியாக விற்கிறார்கள், அதைப் போட்டால் தீரும். வேலை கொஞ்சம் நீளம், ஆனால் இன்ஜின் விலை இல்லை. அந்த இன்ஜினில் 5-க்கு அடுத்து 7 வெடிக்கும், இரண்டும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், அதனால் அவற்றின் பிளக் ஒயர்கள் ஒட்டிக்கொண்டு ஓடாமல் பிரித்துக் கட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த மெக்கானிக் பேரிங் என்றே நின்றால், ஆயில் பிரஷரை கேஜ் வைத்து அளந்து, எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.