65 ஆச்சுன்னா வீட்டு வரி தானா குறைஞ்சிடுமா?

டெக்சஸ்ல இருக்கற வாசகர்கள் கேட்ட ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கேள்விகளுக்கு இந்த மாசம் பதில்.

கேள்வி: அக்கா வணக்கம், நாங்க டாலஸ் பக்கம் இருக்கோம். வீடு அப்பா பேர்ல இருக்கு, அம்மா அப்பா ரெண்டு பேரும் அதுலதான் இருக்காங்க. அப்பாவுக்கு 2024 மார்ச்லயே 65 முடிஞ்சுது, ஆனா 65 வயசுக்கு தனி எக்ஸெம்ப்ஷன், அதாவது வரிச்சலுகைன்னு ஒண்ணு இருக்குன்னு போன வாரம்தான் ஒருத்தர் சொன்னாரு. இத்தனை நாள் கட்டின பணம் போனது போனதுதானா?

பதில்: போகல தம்பி, ஆனா இனிமே தள்ளிப்போடாதீங்க. 65ன்னு கவர்மென்ட்டுக்குத் தெரியாதா, மெடிகேர் (65க்கு மேல கவர்மென்ட் தர்ற ஹெல்த் இன்ஷூரன்ஸ்) கார்டெல்லாம் கரெக்டா வருதேன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, மெடிகேர் வேற வண்டி, வீட்டு வரி வேற வண்டி. உங்க கவுன்ட்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஃபைல்ல பிறந்த தேதி இருந்தா சில சமயம் அவங்களே போட்டுடுவாங்க, இல்லேன்னா நாமதான் கேக்கணும். ஃபார்ம் நம்பர் 50-114, ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன் அப்ளிகேஷன், ஹோம்ஸ்டெட்னா நாமளே குடியிருக்கற சொந்த வீடு. இத வரி கட்டற ஆபீஸ்ல கொடுக்காதீங்க, வீட்டுக்கு மதிப்பு போடறாங்கல்ல, அந்த அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டுக்குத்தான் போகணும். பாதி பேர் இங்கதான் வழி மாறிப் போறாங்க.

லேட்டா கொடுத்தாலும் எடுத்துக்குவாங்க, ஒரு வருஷத்து வரி டெலின்குவன்ட், அதாவது கெடு தாண்டின பாக்கி, ஆகற தேதியில இருந்து 2 வருஷம் டைம் இருக்கு. 2024 வரிக்கு அந்த தேதி 2025 பிப்ரவரி 1, அதனால 2027 ஜனவரி முடியறதுக்குள்ள கொடுத்துட்டா 2024க்கும் சேத்து கேக்கலாம், கூட கட்டினது திரும்ப வரும். அப்பாவுக்கு மார்ச்லதான 65 ஆச்சு, பாதி வருஷத்துக்குத்தான் கிடைக்குமோன்னு யோசிக்காதீங்க, 65 ஆன அந்த வருஷம் முழுசுக்குமே உண்டு.

எவ்வளவு மிச்சம்னு பாப்போம். 2025 வரி வருஷத்துல இருந்து சாதாரண ஹோம்ஸ்டெட்டுக்கு ஸ்கூல் டாக்ஸ்ல, அதாவது வீட்டு வரியில ஸ்கூலுக்குப் போற பங்குல, 1,40,000 டாலர் மதிப்பு கழியுது, 65 தாண்டினவங்களுக்கும் டிசேபிள்டுக்கும் அதுக்கு மேல இன்னொரு 60,000. வீடு 4,00,000ன்னு வச்சுக்கோங்க, அப்பாவுக்கு ஸ்கூல் வரி 2,00,000க்குத்தான். ஸ்கூல் ரேட் 100 டாலருக்கு 1 டாலர்னா அந்த கூடுதல் 60,000 மட்டுமே வருஷத்துக்கு 600 டாலர் மிச்சம் பண்ணிக்கொடுக்கும். 2024ல இந்த கூடுதல் தொகை வெறும் 10,000தான், அதனால அந்த வருஷத்துக்கு பெருசா எதிர்பாக்காதீங்க.

ஆனா என்னைக் கேட்டா அந்த 60,000 கூட ரெண்டாம்பட்சம்தான். பெரிய விஷயம் சீலிங். முதல் தடவை தகுதி வந்த வருஷம் ஸ்கூல் டாக்ஸ் எவ்வளவு வந்துச்சோ அதோட பூட்டு விழுந்துடும், அப்புறம் வீட்டு மதிப்பு எகிறினாலும் ரேட் ஏறினாலும் ஸ்கூல் பங்கு அதுக்கு மேல போகாது, குறைஞ்சா குறைஞ்சதை மட்டும் கட்டினா போதும். கவுன்ட்டியும் சிட்டியும் இந்த பூட்டைப் போடறதா இல்லையான்னு அதுங்களே முடிவு பண்ணிக்கும், உங்க பில்லைப் பாத்தா தெரியும். கூரை ஒழுகுதுன்னு மாத்தினா ஒண்ணும் ஆகாது, ஆனா புதுசா ஒரு ரூம் இழுத்தீங்க, நீச்சல்குளம் வெட்டினீங்கன்னா அந்த அளவுக்கு சீலிங் ஏறும். டெக்சஸ்குள்ளயே வேற வீட்டுக்குப் போனா அந்த சீலிங் சலுகையோட விகிதத்தையும் கூட எடுத்துட்டுப் போகலாம், வீட்டை வித்து சின்னதா வாங்கணும்னு இருக்கறவங்க இத மறக்காம கேளுங்க.

ஒரு எச்சரிக்கை, பட்ட அனுபவம். என் மாமியாருக்கு ஃபார்ம் ரொப்பி கையெழுத்து வாங்கி நானே கொண்டு போய் கொடுத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன், மூணு வாரம் கழிச்சு கடுதாசி வருது, ஐடி கார்டுல இருக்கற அட்ரஸும் வீட்டு அட்ரஸும் ஒத்துப்போகலன்னு. எடுத்துப் பாத்தா பழைய அபார்ட்மென்ட் நம்பர் அப்படியே இருக்கு! அவங்க வண்டி ஓட்டறதே இல்ல, அந்த கார்டை பர்ஸ்லேர்ந்து வெளிய எடுத்தே பல வருஷம் ஆச்சு, யாரு அதப் போய் பாக்கறது. அதனால முதல்ல அப்பாவோட டிரைவர் லைசென்ஸை கையில எடுத்துப் பாருங்க, பழைய அட்ரஸ்னா அதை மாத்திட்டு அப்புறம் ஃபார்மைத் தொடுங்க.

கேள்வி: எனக்கு வயசு 52. ஸ்ட்ரோக் வந்து வேலைய விட்டுட்டேன். சோஷியல் செக்யூரிட்டி டிசேபிலிட்டி அப்ளை பண்ணிருக்கேன், இன்னும் வரல. வரி சலுகைக்கு அது வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

பதில்: காத்திருக்க வேண்டாம் சார். சட்டம் கேக்கறது, சோஷியல் செக்யூரிட்டி டிசேபிலிட்டிக்கு வச்சிருக்கற வரையறைக்குள்ள நீங்க வர்றீங்களான்னுதான், செக் வாங்கிட்டு இருக்கீங்களான்னு இல்ல. டிசேபிலிட்டி அப்ரூவ் ஆச்சுன்னு சோஷியல் செக்யூரிட்டி அனுப்பற அவார்ட் லெட்டர் இருந்தா வேலை சுலபம், இல்லேன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கணும், அதுக்கு எந்த பேப்பர் வேணும்னு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்லயே ஒரு போன் போட்டு கேட்டுக்கோங்க. டாக்டர்கிட்ட போறப்ப ‘உடம்பு சரியில்ல’ன்னு மொட்டையா எழுதி வாங்கிட்டு வந்துடாதீங்க, எப்பலேர்ந்து வேலை செய்ய முடியல, எவ்வளவு நாளைக்கு முடியாதுன்னு அதுல தெளிவா இருக்கணும். தொகையும் சீலிங்கும் 65க்காரங்களுக்கு உள்ள மாதிரியேதான். நாளைக்கு உங்களுக்கே 65 ஆனா ரெண்டையும் சேத்து வாங்க முடியாது, ஏதாவது ஒண்ணுதான்.

மிலிட்டரியில இருந்து டிசேபிலிட்டி வந்தவங்களுக்கு இது இல்லாம தனி கணக்கு இருக்கு, 100 சதவீதம்னு வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் கொடுத்திருந்தா வீட்டு வரி முழுசாவே கிடையாது.

கேள்வி: அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. எனக்கு 71. எக்ஸெம்ப்ஷன் எல்லாம் இருக்கு, ஆனாலும் வர்ற பென்ஷன்ல வரி கட்ட முடியல. வீட்டை வித்துடுன்னு பையன் சொல்றான்.

பதில்: அவசரப்பட்டு வித்துடாதீங்கம்மா. முதல்ல தவணை, உங்க வயசுக்கு வரியை நாலு சம பங்கா கட்டலாம், பெனால்ட்டியும் கிடையாது வட்டியும் கிடையாது. முதல் தவணை பிப்ரவரி 1க்கு முன்னாடி, அடுத்தது ஏப்ரல் 1, ஜூன் 1, ஆகஸ்ட் 1க்கு முன்னாடி. மொதத் தவணை கொடுக்கறப்பவே தவணையிலதான் கட்டறேன்னு எழுதிக் கொடுத்துடணும்.

அதுவும் முடியலேன்னா டெஃபரல், அதாவது வரியைத் தள்ளிப்போடறது. ஃபார்ம் 50-126, நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல கொடுத்தா நீங்க அந்த வீட்டுல இருக்கற வரைக்கும் வரிக்காக கேஸ் போட முடியாது. ஆனா தள்ளுபடின்னு நினைச்சுக்காதீங்க, இது கடன். வருஷத்துக்கு 5 சதவீதம் வட்டி ஓடும், ஒரு வருஷ பாக்கி 6,000ன்னா அதுக்கு வருஷம் 300. வீட்டு மேல அந்த பாக்கி உக்காந்திருக்கும், உங்களுக்கு அப்புறம் 180 நாளைக்குள்ள பிள்ளைங்க அடைச்சாகணும். அதனால பையனைப் பக்கத்துல உக்கார வச்சு சொல்லிட்டு செய்யுங்க, பின்னாடி தெரிஞ்சா அவனுக்கு கோவம்தான் வரும். மார்ட்கேஜ் இன்னும் ஓடுதுன்னா பேங்க்கை கேக்காம இதுல கைவைக்காதீங்க, எஸ்க்ரோல, அதாவது வரிக்காக அவங்க மாசாமாசம் பிடிச்சு வைக்கற கணக்குல இருந்து, அவங்க வரியைக் கட்டிட்டு உங்ககிட்டதான் வசூல் பண்ணுவாங்க.

கேள்வி: வீடு என் பேர்ல, கூட இருக்கற அம்மாவுக்கு 70. அவங்க வயசை வச்சு கேக்கலாமா?

பதில்: முடியாதுங்க. வீட்டுல அவங்களுக்கும் பங்கு இருக்கணும், அதுலயே குடியும் இருக்கணும். இதுக்காக பத்திரத்துல பேர் சேக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, வக்கீலைப் பாக்காம செய்யாதீங்க, 600 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் அண்ணன் தம்பிக்குள்ள சொத்துச் சண்டைல முடியும்.

கேள்வி: வீட்டுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு, ஹோம்ஸ்டெட் ஃபைல் பண்ணித் தர்றோம் ஃபீஸ் அனுப்புங்கன்னு. கவர்மென்ட் லெட்டர் மாதிரியே இருக்கு.

பதில்: கிழிச்சுப் போடுங்க. ஃபார்மும் இலவசம், கொடுக்கறதும் இலவசம். கவர்மென்ட் மாதிரி கவரும் சீலும் போட்டிருப்பாங்க, அடியில பொடி எழுத்துல நாங்க கவர்மென்ட் இல்லன்னு இருக்கும், கண்ணாடிய மாட்டிக்கிட்டு பாருங்க.