அனிமேஷன் படம் பார்த்து அழுதிருக்கிறீர்களா? எந்தப் படம், எந்தக் காட்சி?

அழுதிருக்கிறேன். படம் ‘ஃபைண்டிங் நீமோ’. பிக்ஸார் 2003-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. எந்தக் காட்சி என்றால், தாய் மீன் இறக்கும் முதல் காட்சி என்றோ, அப்பாவும் பிள்ளையும் ஒன்றுசேரும் கடைசிக் காட்சி என்றோ சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். அங்கேயும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் தொண்டை அடைத்து, அறையைவிட்டே எழுந்து போகவேண்டி வந்தது ஒரு மீன் ஒரு ஆமையிடம் வயது கேட்கும் இடத்தில்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்லின் ஒரு கோமாளி மீன். அவரும் மனைவி கோரலும் ஆஸ்திரேலியக் கடலின் பவளத்திட்டில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். நானூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் பொரியக் காத்திருக்கின்றன. அப்போது பாரகுடா என்ற வேட்டை மீன் ஒன்று வருகிறது. அடிபட்டு மயங்கிய மார்லின் கண் விழிக்கும்போது மனைவியும் இல்லை, முட்டைகளும் இல்லை. ஒரே ஒரு முட்டை, அதுவும் லேசாகக் கீறல் விழுந்து, கீழே கிடக்கிறது. “உனக்கு எதுவும் நடக்க விடமாட்டேன்” என்று அதற்கு வாக்குக் கொடுக்கிறார். அந்தக் குஞ்சுதான் நீமோ. வலது துடுப்பு மட்டும் சிறுத்துப் பிறந்தவன். பள்ளிக்கூடம் போகும் முதல் நாளே அப்பாவின் கெடுபிடி தாங்காமல், வீம்புக்கு ஒரு படகைத் தொடப் போய், கடலில் மூழ்கி நீந்திக்கொண்டிருந்த ஒருவரிடம் மாட்டிக்கொள்கிறான். அவர் சிட்னியில் பல் மருத்துவர். நீமோ அவருடைய கிளினிக்கில் இருக்கும் மீன் தொட்டிக்குப் போய்ச் சேர்கிறான். வீட்டைவிட்டு நாலடி தள்ளிப் போகவே அஞ்சும் மார்லின், எதுவும் நினைவில் நிற்காத டோரி என்ற நீல மீனின் துணையோடு கடலைக் கடந்து மகனைத் தேடிப் போகிறார்.

இனி என் விஷயம். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சல் கண்டு இறந்துபோனான். வீட்டில் அவனைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரே ஒரு போட்டோ, அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கும். அண்ணன் ஒருவன் இருந்தான் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. ஆனால் அவன் போனதன் பாரம் முழுக்க என் மேல் இறங்கியிருந்தது. அப்பா என்னை எதற்கும் விடமாட்டார். மழையில் நனையக் கூடாது, மரம் ஏறக் கூடாது, பள்ளிச் சுற்றுலா கிடையாது, சைக்கிள் கிடையவே கிடையாது. ராத்திரி தூக்கத்தில் நெற்றியில் புறங்கை வந்து படும். உடம்பு சுடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். ரோட்டைக் கடக்கும்போது மற்ற அப்பாக்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். என் அப்பா மணிக்கட்டைப் பிடிப்பார். வியர்த்தால் உள்ளங்கை நழுவிவிடும், மணிக்கட்டு நழுவாது என்பது அவர் கணக்கு. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் விரல் தடம் சிவந்து தெரியும். கூடப் படிக்கிற பையன்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று சட்டைக் கையை இழுத்து மூடிக்கொள்வேன்.

கல்லூரி விடுதியில் இருந்தபோது நண்பன் ஒருவனின் கம்ப்யூட்டரில் இந்தப் படத்தைப் போட்டோம். பள்ளிக்கூடம் கிளம்பும் காலையில் மார்லின் மகனுக்குப் பாடம் நடத்துவார். வெளியே எட்டிப் பார், உள்ளே வா, மறுபடி வெளியே போ, மறுபடி உள்ளே வா. வாசலைத் தாண்டுவதற்கே இவ்வளவு சடங்கு. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் நான் வளர்ந்திருக்கிறேன்.

பிறகு இந்தப் படம் உருவான விதத்தைத் தேடிப் படித்தேன். இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் தன் சின்னப் பையனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனபோது, வழி முழுக்க “அதைத் தொடாதே, இதைச் செய்யாதே” என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். மகனோடு கழிக்க வேண்டிய பொழுதைக் கவலைப்பட்டே கழித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்ததில் முளைத்த கதை இது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு தகவல். முதலில் எழுதிய திரைக்கதையில் கோரலின் மரணம் ஆரம்பத்தில் கிடையாது. நடுநடுவே பழைய நினைவுகளாகத் துண்டு துண்டாக வந்து, கடைசியில்தான் முழுதாகத் தெரியவரும். அப்படி வைத்தபோது மார்லின் வெறும் நச்சரிக்கும் அப்பாவாகத்தான் தெரிந்தார். அந்த மரணத்தை அப்படியே தூக்கிப் படத்தின் தொடக்கத்தில் வைத்த பிறகு, அதே ஆள் பேசும் அதே வசனங்கள் வேறு மாதிரி ஒலித்தன.

நான் வாழ்ந்தது அந்தப் பழைய வடிவத்தை. காரணம் துணிகளுக்கு அடியில் இருந்தது. கெடுபிடி மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தப் படத்தின் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். பயப்படும் அப்பாவைக் கோமாளியாக்கி, கடல் ஒன்றும் செய்யாது என்று நம்மைத் தட்டிக் கொடுப்பதில்லை. மார்லின் பயந்த அத்தனையும் கடலில் இருக்கிறது. சுறா வருகிறது, கண்ணிவெடி வெடிக்கிறது, ஜெல்லி மீன்கள் கொட்டுகின்றன. அவர் பயந்தது சரிதான் என்று ஒப்புக்கொண்டுதான், மகனை விடச் சொல்கிறது படம். திமிங்கிலத்தின் வாய்க்குள் மாட்டிக்கொண்ட இடத்தில் மார்லின் புலம்புவார், அவனுக்கு எதுவும் நடக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேனே என்று. டோரிக்கு அது வேடிக்கையான வாக்காகத் தோன்றும். எதுவும் நடக்க விடாவிட்டால் அவனுக்கு எதுவுமே நடக்காதே என்பாள். கொஞ்ச நேரத்தில் திமிங்கிலத்தின் நாக்கைப் பிடித்துத் தொங்கும்போது, பிடியை விடச் சொல்லுவாள். கெடுதல் எதுவும் நடக்காது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மார்லின் கத்துவார். தெரியாது என்பதுதான் அவள் பதில். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அவர் விடுகிறார். குழந்தைகள் படத்தில் இப்படி ஒரு வசனத்தை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சரி, ஆமைக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் போகும் அந்தக் காலையில் நீமோ, கடல் ஆமைக்கு எத்தனை வயசு ஆகும் என்று கேட்பான். மார்லினுக்குத் தெரியாது. எப்போதாவது ஒரு ஆமையைப் பார்த்தால் கேட்டுச் சொல்கிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவிடுவார். பிள்ளைகளின் கேள்விகளுக்கு எல்லா அப்பாக்களும் சொல்லும் பதில். பிறகு என்னென்னவோ நடந்து, ஜெல்லி மீன்களிடம் உயிர் தப்பி, ஆமைக் கூட்டத்தோடு கடல் நீரோட்டத்தில் மிதந்து, சிட்னிக்குப் பிரியும் இடம் வரும். க்ரஷ் என்ற பெரிய ஆமையிடம் விடைபெற்றாகிவிட்டது. இனி ஒரு நொடியும் வீணாக்க நேரமில்லை. அந்த நேரத்தில் மார்லின் திரும்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன், உன் வயசு என்ன என்று கேட்பார். “நூற்றைம்பது” என்று பதில் வரும். மறந்துவிடக் கூடாது என்று அந்த எண்ணைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

என் அப்பாவுக்கு வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர்ப் பயணம் இருந்தது. எனக்கோ ரயில் பைத்தியம். ஆனால் ரயிலேறிச் சுற்றுலா போக அனுமதி கிடையாது. ஒரு தடவை அவர் கிளம்பும்போது, ஒரு பெட்டிக்கு எத்தனை சக்கரம் இருக்கும் என்று கேட்டேன். “தெரியலையே, பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்றார். கேட்டதை நான் மறந்தே போனேன். அவர் ஊரிலிருந்து திரும்பியபோது நான் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து வந்தால், பல் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து “எட்டு” என்றார். எனக்குப் புரியவில்லை. “பெட்டிக்கு எட்டு சக்கரம். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. இறங்கிக் குனிஞ்சு பார்த்தேன்.” ஏதோ ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்ற கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கி, பிளாட்பாரம் ஓரம் குனிந்து எண்ணியிருக்கிறார். எதற்கும் துணியாத மனிதர்.

மார்லின் ஆமையிடம் வயது கேட்டபோது எனக்கு அந்த “எட்டு” காதில் விழுந்தது. என் மணிக்கட்டைச் சிவக்கச் சிவக்கப் பிடித்த ஆளும், என் கேள்வியை அத்தனை தூரம் சுமந்துபோய் விடையோடு திரும்பிய ஆளும் ஒருவர்தான் என்பதை அதுவரை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நண்பர்கள் முன்னால் அழக் கூச்சமாக இருந்தது, எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாவைக் கூப்பிட்டுப் பேசலாமா என்று தோன்றியது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. கடைசிக் காட்சிகளை மறுநாள் தனியாக உட்கார்ந்துதான் பார்த்தேன்.

அதில் வலைக் காட்சி உண்டு. டோரி மீன் கூட்டத்தோடு மீன்பிடி வலையில் சிக்கிக்கொள்வாள். எல்லா மீன்களும் கீழ்நோக்கி நீந்தினால் வலை அறுந்துவிடும், உள்ளே போய்ச் சொல்ல என்னால் முடியும் என்பான் நீமோ. இப்போதுதான் மகன் கைக்குக் கிடைத்திருக்கிறான், மறுபடி வலைக்குள் அனுப்ப வேண்டும். மார்லின் முகத்தை அந்த நேரத்தில் பாருங்கள். முடியாது என்றுதான் முதலில் சொல்வார். பயம் போய்விட்டதாகப் படம் எங்கேயும் சொல்லவில்லை. பயத்தோடேயே அனுப்புகிறார். வலை அறுந்து, நீமோ மண்ணில் அசையாமல் கிடந்து, கண் திறந்த பிறகு அவர் சொல்லும் விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஆமைக்கு வயசு நூற்றைம்பது.

ரொம்ப வருஷம் கழித்து, என் மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது, அப்பா எங்களோடு வந்து தங்கியிருந்தார். மூன்று பேருமாக இந்தப் படத்தைப் பார்த்தோம். அப்பாவிடம் நான் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. முதல் காட்சி முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்த ஒண்ணு மட்டும் எப்படித் தப்பிச்சுது?” படத்தில் காட்டவில்லை அப்பா என்றேன். தலையாட்டிக்கொண்டார். படம் முடியும்வரை வேறு பேச்சில்லை. முடிந்து, நான் டிவியை அணைக்கப் போனபோது, யாரிடமோ சொல்வதுபோல “உங்க அண்ணன் தண்ணியக் கண்டா விடமாட்டான். குளிக்க வச்சா வெளியவே வரமாட்டான், அழுது ஊரைக் கூட்டுவான்” என்றார். அண்ணனைப் பற்றி என் வாழ்நாளில் நான் கேட்ட முதல் செய்தி அது. அன்று ராத்திரி இன்னும் கொஞ்சம் பேசினார். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

கோமாளி மீன்களைப் பற்றி அப்புறம் படித்ததையும் இங்கே சொல்ல ஆசை. நிஜத்திலும் முட்டைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அப்பா மீன்தான். இந்த மீன்கள் வீடாகக் கொள்ளும், பூப்போல விரிந்த கடல் உயிரினமான கடல் சாமந்திக்குப் பக்கத்தில் பாறையில் ஒட்டியிருக்கும் முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறி விசிறி நல்ல நீரோட்டம் கொடுக்கும், கெட்டுப்போன முட்டைகளை அகற்றும், கிட்டே வருவதை விரட்டும். ஒரு வாரம் போல இந்தக் காவல். பொரிந்ததும் குஞ்சுகள் திறந்த கடலில் மிதந்து போய்விடும், அப்பா பின்னால் போவதில்லை. பெண் மீன் இறந்தால் அதன் ஜோடி ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும் என்பதும் உண்மை. படம் அந்தப் பக்கமே போகவில்லை. கதைக்கு அது தேவைப்படவும் இல்லை.

2016-இல் வந்த இரண்டாம் பாகமும் நல்ல படம். அதில் டோரியின் அப்பா அம்மா வரும் இடத்தில் கைக்குட்டை தேவைப்படும். ஆனாலும் எனக்கு முதல் படம்தான்.

கடைசியாக ஒன்று, பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்கு. அம்மா மீன் இறக்கும் முதல் காட்சியைச் சிலர் ஓட்டிவிட்டுத்தான் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். மூன்று, நான்கு வயது என்றால் சரி, தப்பில்லை. கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு அந்தக் காட்சியைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். பாரகுடா கொல்வதைத் திரையில் காட்டுவதில்லை, இருட்டிவிடும், அவ்வளவுதான். என் மகள் “அம்மா மீன் எங்கே?” என்று கேட்டாள். செத்துப்போச்சு என்று உள்ளதைச் சொன்னேன். அதற்குப் பிறகு மார்லின் பதறும்போதெல்லாம் “அவருக்குப் பயம் தாத்தா, அதான் கத்துறார்” என்று என் அப்பாவுக்கு அவள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உண்மையில் பயந்தது சுறா பல்லைக் காட்டித் துரத்தும் இடத்தில். அங்கே சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.